முத்தைக் கரைக்கும் புளிப்பு, கழிப்பறைக் கறையையும் கரைக்கும்

 

இன்றைக்குப் பேசப்போகும் பொருளை நாலு பேர் முன்னால் பேச யாருக்குமே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கழிப்பறைப் பீங்கானில் தண்ணி ஓடுகிற தடத்திலும், தண்ணி தேங்கி நிற்கிற விளிம்பிலும் வெள்ளையாக, சில வீடுகளில் காவியாக, ஒரு படிவு ஒட்டிக் கிடக்குமே, அதைப் பற்றித்தான் பேச்சு. நம்ம வீடுகளில் இதை 'உப்புக்கறை' என்று சொல்லுவோம். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகாது. பினாயில் ஊற்றினால் வாசம் வரும், கறை அப்படியே இருக்கும். கடைசியில் ஆசிட் பாட்டிலைத் தேடுவோம்.

அந்த ஆசிட் பாட்டிலுக்குப் போகும் முன் உங்களிடம் ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும். சமையலறையில் இருக்கிற சில பொருள்களே இந்த வேலையைச் செய்யும். எதை, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது தெரிந்திருந்தால் போதும். அதைவிட முக்கியம், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது.

பேச்சுக்குப் புன்னைக்காயலை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற ஊர் புன்னைக்காயல். 1586-ஆம் ஆண்டின் 'அடியார் வரலாறு' என்ற தமிழ் நூல் அச்சேறியது இங்கேதான் என்று கருதப்படுகிறது. முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு பிறந்தவர்கள்கூட முத்து, சிப்பி, சங்கு பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்.

முத்து எதனால் ஆனது? பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சங்கும் சிப்பியும் அதேதான். சிப்பியைச் சூளையில் நீற்றித்தான் ஒரு காலத்தில் கடற்கரை ஊர்களில் சுண்ணாம்பு எடுத்தார்கள், வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், வெற்றிலைக்கும் தடவினார்கள். இப்போது கழிப்பறைக்கு வாங்க. அங்கே ஒட்டியிருக்கிற வெள்ளைப் படிவின் பெரும்பகுதியும் இதே கால்சியம் கார்பனேட்தான். பட்டுத்துணியில் பொதிந்து வைத்தால் முத்து, பீங்கானில் ஒட்டினால் கறை. பொருள் ஒன்றே!

முத்து நகை வைத்திருப்பவர்களுக்கு நகைக்கடையில் ஒரு எச்சரிக்கை சொல்லுவார்கள்: புளிப்பு படாமல் பார்த்துக்கோங்க. எகிப்து அரசி கிளியோபாட்ரா பந்தயத்துக்காக ஒரு பெரிய முத்தை வினிகரில் போட்டுக் கரைத்துக் குடித்தாள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். உண்மையில் முழு முத்து வினிகரில் போட்டவுடன் கரையாது. நேரம் பிடிக்கும். ஆனால் கரையும். இந்த ஒரு கதையில் நமக்கு வேண்டிய பாடம் இரண்டும் இருக்கிறது. சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. புளிப்புக்கு வேண்டியது நேரம். கைவலிக்கத் தேய்ப்பது இரண்டாம் பட்சம்.

நம்பிக்கை வரவில்லை என்றால், வீட்டில் பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்க. கடற்கரையில் கிடக்கும் சின்னச் சிப்பி ஒன்றையோ முட்டை ஓட்டையோ ஒரு டம்ளர் வினிகரில் போடுங்க. சிறு சிறு குமிழிகள் கிளம்பும். அது கரியமில வாயு. மறுநாள் காலையில் ஓடு மெலிந்து, பிசுபிசுத்து இருக்கும்.

இந்தக் கறை எங்கிருந்து வருகிறது?

மழைத்தண்ணியில் சுண்ணாம்பு கிடையாது. அந்தத் தண்ணி காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. அப்படியே நிலத்துக்குள் இறங்கும்போது சுண்ணாம்புப் பாறை, புதைந்த சிப்பி, கிளிஞ்சல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நாம் கிணற்றிலோ போரிலோ இறைக்கும்போது அந்தச் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணியோடு வருகிறது. இதைத்தான் கடினநீர் என்கிறோம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகத் தாமதமாகும், இட்லிக் குண்டானில் வெள்ளைப் படலம் கட்டும். எல்லாம் ஒரே காரணம்.

கழிப்பறையில் தண்ணி தேங்கி, காற்றுப்பட்டு, கரியமில வாயு வெளியேறி, கொஞ்சம் ஆவியும் ஆகும்போது அந்தச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிப் பீங்கானில் உட்காருகிறது. சிறுநீரும் இதற்குத் துணைபோகும். சிறுநீர் நின்று அம்மோனியா ஆகும்போது தண்ணியின் காரத்தன்மை கூடும். காரம் கூடினால் படிவும் கூடும். தண்ணியில் இரும்பு இருந்தால் கறை காவி நிறமாகும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணுக்கடியில் நல்ல தண்ணி மேலேயும் கடல் தண்ணி அதற்குக் கீழேயும் நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்புத்தண்ணி மேலே ஏறிவிடும். கடல் தண்ணி ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் சோற்றுப்பு மட்டும் இல்லை; கால்சியம் சுமார் 400 மில்லிகிராமும், மெக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராமும் கலந்திருக்கும். கடினத்தன்மைக்குக் காரணமே இந்த இரண்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லை என்றால் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குக் கழிப்பறைக்கு 120 லிட்டர் தண்ணி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணியின் கடினத்தன்மை 200 மில்லிகிராம் என்றால், தினமும் 24 கிராம் சுண்ணாம்பு அந்தப் பீங்கானைக் கடந்துபோகிறது. ஆண்டுக்கு 8 கிலோவுக்கு மேல். கடினத்தன்மை 600 என்றால் அதைப்போல மூன்று மடங்கு. இதில் நூறில் ஒரு பங்கு ஒட்டினால்கூட, 200 உள்ள வீட்டில் மாதத்துக்கு 7 கிராம் படியும். மாதாமாதம் எடுத்துவிட்டால் அது 7 கிராம் வேலை. மூன்று வருஷம் விட்டுவிட்டால் கால் கிலோ கல்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வலு?

'எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடும்', 'மோர் ஊற்றினால் போய்விடும்' என்று ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். எல்லாம் புளிப்புதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வலு கிடையாது.

எலுமிச்சை உப்பு: சிட்ரிக் ஆசிட் என்று மளிகைக் கடையில் வெள்ளைப் பரல்களாகக் கிடைக்கும். ஜாமிலும் பழரசத்திலும் சேர்ப்பது இதைத்தான். கணக்குப்படி 100 கிராம் எலுமிச்சை உப்பு சுமார் 70 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். இந்த வேலைக்கு வீட்டுப் பொருள்களில் முதலிடம் இதற்குத்தான். வாடையும் கிடையாது. காவிக் கறையிலும் கொஞ்சம் வேலை செய்யும்.

வினிகர்: கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய 4 முதல் 5 விழுக்காடு. ஒரு லிட்டர் வினிகர் அதிகபட்சம் 40 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். லேசான கறைக்கு நல்லது. வாடை கொஞ்ச நேரம் நிற்கும்.

எலுமிச்சம்பழம்: ஒரு பழத்தின் சாறு ஏறக்குறைய ஒரு கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். கால் கிலோ படிவுக்கு எத்தனை பழம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க! பிழிந்து மீந்த மூடியைக் குழாய்க்கும் மக்குக்கும் தேய்க்கலாம். பீங்கான் முழுக்கத் தேய்க்க இது கட்டுப்படியாகாது.

புளி: பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் அதே புளிதான். இதில் இருப்பது டார்டாரிக் அமிலம். குழம்புக்குக் கரைத்து மீந்த சக்கையைக் கொட்ட வேண்டாம். குழாயடியிலும் பீங்கான் ஓரத்திலும் அப்பி ஒரு மணி நேரம் வைத்துத் தேய்க்கலாம். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்க, இல்லையென்றால் எறும்பு வரும். சக்கையையும் நாரையும் பீங்கானுக்குள் தள்ளாமல் எடுத்துக் குப்பையில் போடுங்க, அடைத்துக்கொள்ளும்.

புளித்த மோர், குளிர்பானம்: இரண்டிலும் அமிலம் மிகக் குறைவு. மோர் நாறும், குளிர்பானத்தில் சர்க்கரை ஒட்டும். காசுக்கும் நேரத்துக்கும் ஏற்ற பலன் இல்லை.

ஆப்பசோடா: இதுதான் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் பொருள். இது புளிப்பு அல்ல, காரம். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கி நுரைக்கும். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் அந்த நுரையில் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. சுண்ணாம்பைக் கரைக்க வேண்டிய புளிப்பு சோடாவுக்கே செலவாகிவிடும். சோடாவைத் தனியாக வைத்துக்கோங்க. வழுவழுப்பும் நாற்றமும் போக, கடைசியில் ஒரு கரண்டி தூவித் தேய்க்க அது உதவும்.

செய்முறை: மேற்கத்திய பீங்கானுக்கு

1. முதலில் கழிப்பறையில் வேறு எந்தத் திரவமும் தூளும் இல்லாதபடி நன்றாகத் தண்ணி ஊற்றிக் கழுவுங்க. ஜன்னலையும் கதவையும் திறந்துவையுங்க. கைக்கு ரப்பர் உறை போட்டுக்கோங்க.

2. உள்ளே தேங்கி நிற்கும் தண்ணியைப் பிரஷால் குத்தித் தள்ளி, முடிந்த அளவு இறக்கிவிடுங்க. இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. தேங்கிய தண்ணிமேல் ஊற்றினால் புளிப்பு நீர்த்துப்போய்ப் பாதி பலன்தான் கிடைக்கும்.

3. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரையுங்க. பிளாஸ்டிக் வாளி போதும், அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கொதிக்கும் தண்ணியும் வேண்டாம், திடீர்ச் சூட்டில் பீங்கான் விரிசல் விடலாம்.

4. விளிம்பிலிருந்து சுற்றிலும் ஊற்றுங்க. தண்ணி மட்டத்துக்கு மேலே உள்ள கறையில் திரவம் நிற்காது, வழிந்துவிடும். அதற்குப் பழைய பருத்தித் துணியை அந்தத் திரவத்திலேயே நனைத்துக் கறைமேல் ஒட்டிவையுங்க.

5. இரவு எல்லோரும் பயன்படுத்திய பிறகு இதைச் செய்து, காலை வரை விட்டுவிடுங்க.

6. காலையில் துணியை எடுத்துத் தனியாகப் போட்டுவிட்டு, நைலான் பிரஷால் தேயுங்க. தண்ணி ஊற்றிக் கழுவுங்க. பழைய கறை ஒரே தடவையில் போகாது. மேலே உள்ள அடுக்கு கரையும், அடுத்த அடுக்கு தெரியும். இரண்டு மூன்று இரவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்தியன் பீங்கானுக்கு

நம்ம வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். இதன் தட்டையான பகுதியில் தண்ணி தேங்காது, ஊற்றியது எல்லாம் ஓடிவிடும். அதனால் இங்கே துணி முறைதான் சரி. பழைய வேட்டித் துணியைக் கிழித்து நனைத்து, கறை உள்ள இடம் முழுக்கப் பரப்பிவையுங்க. காய்ந்தால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் தெளித்துவிடுங்க. துணி தவறியும் குழிக்குள் போய்விடாமல் பார்த்துக்கோங்க.

பக்கத்துத் தரையைக் கவனியுங்க. மொசைக் தரையில் பதித்திருப்பது பளிங்குச் சில்லுகள். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையைக் கரைக்கும் புளிப்பு தரையையும் அரித்துவிடும். சிமெண்ட் பூச்சுக்கும், டைல்ஸ் இடுக்கில் நிரப்பிய சிமெண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. தரையில் சிந்தினால் உடனே தண்ணி ஊற்றிவிடுங்க. பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்குப் புளிப்பால் சேதம் இல்லை. அதைக் கெடுப்பது கம்பி நாரும் உப்புக் காகிதமும்தான். ஒருமுறை கீறல் விழுந்தால் அடுத்த கறை அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும்.

எவ்வளவு ஊறவைத்தும் போகவில்லையா?

படிவைக் கொஞ்சம் சுரண்டி, அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்க. நுரைத்தால் சுண்ணாம்பு, பொறுமையாகச் செய்தால் போகும். நுரைக்கவே இல்லை என்றால் அது வேறு பொருள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கடல் தண்ணி வற்றும்போது முதலில் படிவது சுண்ணாம்பு, அடுத்தது ஜிப்சம், அதன் பிறகுதான் உப்பு. உப்பு தண்ணியிலேயே கரையும். சுண்ணாம்பு புளிப்பில் கரையும். ஜிப்சம் இருக்கிறதே, அது வினிகரில் கரையாது. அதை ஊறவைத்து, இளகிய பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுக்க வேண்டியதுதான்.

ஆசிட் ஏன் வேண்டாம்?

'பத்து நிமிஷத்துல ஆசிட் போக்கிடுமே, எதுக்கு ரெண்டு மூணு ராத்திரி காத்திருக்கணும்?' நியாயமான கேள்விதான்.

அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடைத்துக் கிடக்கிற சின்னக் கழிப்பறையில் அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி மூலையில் வைத்த ஆசிட்டைத் தண்ணி என்று நினைத்துக் குழந்தை குடித்துவிட்டால், தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும். அப்படி எந்த அமிலத்தைக் குடித்தாலும் வாந்தி எடுக்கவைக்காதீங்க. வரும் வழியில் இரண்டாவது முறை சுடும். உடனே 108-ஐ அழையுங்க. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணியில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போங்க.

ஆசிட்டை யாரும் யாருக்கும் விற்றுவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்க. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, விற்பவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும், வாங்குபவர் அடையாள அட்டை காட்டி எதற்கு என்று சொல்ல வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் பிறந்த உத்தரவு அது.

செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம். தொட்டிக்குள் கழிவைச் செரிக்கவைப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். பாட்டில் பாட்டிலாக ஆசிட் போனால் அவை சாகும். கழிவு செரிக்காமல் தேங்கி, தொட்டி சீக்கிரம் நிரம்பும், நாறும். மேலே சொன்ன அளவில் எலுமிச்சை உப்போ வினிகரோ தண்ணியோடு கலந்து போவதால் அந்த ஆபத்து வராது.

உயிர் விஷயம்: இதை மட்டும் மறக்க வேண்டாம்

மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்க.

பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பையும் சேர்க்கக் கூடாது. ஆசிட் மட்டும் அல்ல. வினிகர், எலுமிச்சை உப்பு, எலுமிச்சம்பழம், புளி எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் போர்க்களத்தில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. 'இது இயற்கைப் பொருள், ஒண்ணும் செய்யாது' என்ற எண்ணம் இங்கே ஆபத்து. புளிப்பு எலுமிச்சையிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று பிளீச்சிங் பவுடருக்குத் தெரியாது.

நம்ம பகுதிக்கு இது ஏன் முக்கியம்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. வெள்ளம் வடிந்த பிறகு கிணறு, தொட்டி, தெரு என்று எங்கும் பிளீச்சிங் பவுடர் போடுவது நோய் வராமல் தடுக்கும் அவசியமான வேலை. அந்தச் சமயத்தில் வீட்டுக் கழிப்பறையிலும் அதைத் தூவியிருப்போம். அதே பீங்கானில் அன்றைக்கே ஆசிட்டையோ வினிகரையோ ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க.

ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டால், அதைப் பல தடவை தண்ணி ஊற்றிக் கழுவி, புளிப்பு வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்க. கடையில் வாங்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, பாட்டில் சீட்டை வாசித்துப் பாருங்க. அவற்றுக்கும் இதே விதிதான். தவறிக் கலந்து, மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், சுத்தம் செய்ய நிற்காதீங்க. உடனே வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வாங்க. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் சின்னப் பிள்ளைகளை முதலில் வெளியேற்றுங்க. இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108.

கறை வராமல் இருக்க

மாதம் 7 கிராம் கணக்கை நினைவில் வைத்துக்கோங்க. அதைக் கரைக்க 10 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது இரண்டு சிறுகரண்டி, போதும். மாதத்தில் ஒரு நாள் இரவு, ஒரு டம்ளர் தண்ணியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றிவிட்டுப் படுங்க. உங்க தண்ணி ரொம்பக் கடினம் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை.

ஒழுகும் குழாயையும் பிளஷ் டேங்கையும் உடனே சரிசெய்யுங்க. நாள் முழுக்கச் சொட்டும் தண்ணிதான் பீங்கானில் கோடு போடுகிறது. ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்துவிடும்.

மழைநீரைச் சேமியுங்க. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்துக்குள் இறங்கும் மழைத்தண்ணி உப்புத்தண்ணியைக் கீழே அழுத்திவைக்கும். கடலோர ஊருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

அரசின் சேவைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்

உங்க கிணற்று நீரில், போர் நீரில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள் உள்ளன. சுத்தமான பாட்டிலில் மாதிரி கொடுத்தால், கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு எல்லாம் எண்ணோடு தெரிந்துவிடும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் நீரைச் சோதிக்கப் பயிற்சி அளிக்க வழி செய்யப்பட்டுள்ளது. உங்க ஊராட்சியில் அவர்கள் யார் என்று கேளுங்க.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இயந்திரம் வைத்துக் காலி செய்ய வேண்டும். அதற்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, அது ஓர் உயிர். குடிநீர், சுகாதாரம் பற்றிய மற்ற கோரிக்கைகளுக்கு முதலமைச்சரின் உதவி மைய எண் 1100 இருக்கிறது.

நிறைவாக ஒன்று. சமையலறைப் பொருள் என்று சொன்னவுடனே, 'அப்போ இது அம்மா வேலை, அக்கா வேலை' என்று வீட்டு ஆண்கள் நகர்ந்துவிட வேண்டாம். துணியை நனைத்து ஒட்டிவைக்க யாராலும் முடியும். கறை பிடித்த கழிப்பறை என்றால் பிள்ளைகள் பள்ளியிலும் அடக்கிக்கொள்கிறார்கள், பெரியவர்கள் விடிகாலையில் கரைப்பக்கம் ஒதுங்கப் போகிறார்கள். கட்டிக்கொடுத்த கழிப்பறை பயன்பாட்டில் இருக்க வேண்டுமென்றால், அதற்குள் போக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இரண்டு கரண்டி எலுமிச்சை உப்பும், ஓர் இரவுப் பொறுமையும் அதற்குப் போதும்.